ஹெட் போல்ட்டுக்குக் கை போதுமாம்!

ஆரையூரான்:
ஓட்டோ திருத்துகிற இழையில் நேற்று ஒருவர் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்: "மெக்கானிக் ஆவதற்கு என்.வி.கியூ. எல்லாம் வீண்வேலை. நல்ல பாஸிடம் மூன்று வருடம் நின்றால் போதும். ஹெட் போல்ட் இறுக்க டோர்க் ரெஞ்ச் தேடுகிறவன் மெக்கானிக்கே இல்லை, கைதான் ரெஞ்ச்." எழுதியவர் வேறு யார், நம் பழைய_ஸ்பேனர்தான். அதற்குக் கைதட்ட ஒரு கூட்டம் வேறு. தெரியாதவர்களுக்கு: என்.வி.கியூ. என்றால் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ், பாஸ் என்றால் வேலை பழக்குகிற கராஜ்காரர், ஹெட் போல்ட் என்றால் எஞ்சினின் மேல்தலையை அடிப் பிளாக்கோடு பிணைக்கிற போல்ட், டோர்க் ரெஞ்ச் என்றால் எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து இறுக்குகிற ஸ்பேனர். பயிற்சி நிலையத்தில் பெடியன்களோடு மாரடிக்கிறவன் என்ற முறையில் ஒன்றே ஒன்று கேட்கிறேன். டொயோட்டா விட்ஸ், அக்சியோ கார்களில் வருகிற 1 என்.இசட். எஞ்சினுக்கு ஹெட் போல்ட் முதல் சுற்றில் 29 நியூட்டன் மீட்டர். உங்கள் கைக்கு 29 எது, 40 எது என்று தெரியுமா?

பழைய_ஸ்பேனர்:
வந்துவிட்டார் சேர். தம்பி, நான் கல்முனையில் கராஜ் போடும்போது நீங்கள் சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்திருப்பீர்கள். நான் இறக்கி ஏற்றிய ஹெட்டுகளை வரிசையில் வைத்தால் கல்லடிப் பாலம் வரை போகும். ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. கைக்குத் தெரியும். உப்புப் போடுகிற உம்மா தராசா வைத்துப் பார்க்கிறாள்?

ஆரையூரான்:
உப்புக் கூடினால் கறி கெடும், அவ்வளவுதான். போல்ட் இறுக்கம் கூடினால் பிளாக்கின் துளைக்குள் இருக்கிற நூல், அதுதான் மரை, பிய்ந்து கையோடு வரும். 1 என்.இசட். பிளாக் அலுமினியம், காக்கா (அண்ணன்). நீங்கள் பழகியதெல்லாம் இரும்பு பிளாக், டொல்பின் வேனின் 2எல் டீசல் மாதிரி. இரும்பு கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும், அலுமினியம் பொறுக்காது. திரும்பி வரவில்லை என்றால் நன்றாக ஓடுகிறது என்று அர்த்தமா, இல்லை ஆள் வேறு கராஜுக்குப் போய்விட்டான் என்று அர்த்தமா?
என் கேள்விக்குப் பதில் வரவில்லை. 29 எது, 40 எது?

கட்டாரில்_களுவாஞ்சி:
இரண்டு பேரும் நல்லா இருங்கள். இங்கே கம்பனி வேர்க்‌ஷொப்பில் டோர்க் வைத்து இறுக்கிய ஒவ்வொரு போல்ட் தலையிலும் மார்க்கரால் கோடு போடவேண்டும். கோடு இல்லாவிட்டால் சுப்பவைசர் வண்டியை வெளியே விடமாட்டான். ஊரில் எனக்குக் கற்றுத்தந்த பாஸ் அருமையான மனிதர், ஆனால் டோர்க் ரெஞ்ச் என்ற சாமானை நான் முதலில் தொட்டது இங்கே வந்துதான். நேர்முகத்தில் "செட்டிங் செய்து காட்டு" என்று கையில் தந்தான், முழித்தேன்.

பழைய_ஸ்பேனர்:
முழித்தும் வேலை தந்தானா இல்லையா? தந்தான். ஏன்? பாஸ் கற்றுத்தந்த கை. முடிந்தது கதை.

ஆரையூரான்:
முடியவில்லை. ஒரு மீட்டர் நீளக் கம்பியின் நுனியில் மூன்று கிலோ தொங்கவிட்டால் கிட்டத்தட்ட 29 நியூட்டன் மீட்டர். அவ்வளவு மெல்லிய இறுக்கம். பழைய கைக்கு அது "லூஸ்" மாதிரித்தான் தெரியும், உடனே இன்னும் ஒரு இழுவை இழுக்கும். அங்கேதான் பிரச்சினை தொடங்குகிறது. 29க்குப் பிறகு 90 பாகை, அப்புறம் மறுபடி 90 பாகை. நடுவில் தொடங்கி இரண்டு பக்கமும் வெளியே போகவேண்டும், பத்துப் போல்ட்டும் ஒரே ஒழுங்கில். கழற்றும்போது மறுதலை, வெளியிலிருந்து நடுவுக்கு. இதைப் பெடியன் வந்த புதிதிலேயே கொப்பியில் எழுதுகிறான். உங்கள் கராஜில் பெடியன் முதல் வருடம் என்ன செய்கிறான்? தேத்தண்ணி வாங்குகிறான், டீசலில் சாமான் கழுவுகிறான்.

பழைய_ஸ்பேனர்:
பிடித்தேன். 90 பாகை என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். 90 பாகைக்கு டோர்க் ரெஞ்ச் எதற்கு சேர்? போல்ட் தலையில் ஒரு பெயின்ட் புள்ளி வைப்பேன், என்னுடைய நீளக் கம்பியைப் போட்டுக் கால் சுற்றுத் திருப்புவேன், புள்ளி வரவேண்டிய இடத்துக்கு வரும். ரெஞ்ச் அலுமாரியில் தூங்கட்டும். அப்போ பாதி வேலைக்கு மேல் கைதான் செய்கிறது என்று ஜப்பான்காரனே ஒத்துக்கொண்டிருக்கிறான்.

ஆரையூரான்:
ஏன் பாகைக் கணக்கு வைத்தான் என்று தெரியுமா? ரெஞ்சில் நீங்கள் கொடுக்கிற பலத்தில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை இழுக்கிறது. மிச்சமெல்லாம் தலைக்கு அடியிலும் நூலிலும் உராய்விலேயே போய்விடுகிறது. நூலில் எண்ணெய் இருந்தால் ஒரு கணக்கு, காய்ந்திருந்தால் வேறு கணக்கு. அதனால் ஆரம்பத்தை மட்டும் மெல்லிய டோர்க்கில் சமப்படுத்திவிட்டு மிச்சத்தைப் பாகையால் இழுக்கச் சொன்னான். அந்த ஆரம்பம் பத்திலும் சமமாக இருந்தால்தான் 90க்கு அர்த்தம். ஒன்று 20இல் தொடங்கி மற்றது 40இல் தொடங்கினால் உங்கள் பெயின்ட் புள்ளி எங்கே நின்று என்ன பயன்? ஆகவே 29. திரும்பவும் கேட்கிறேன், 29.

வெல்லாவெளி_வயல்:
அண்ணன்மார், எனக்கு இந்த 29 எல்லாம் தெரியாது. அறுவடை நேரம் வெட்டுமெஷின் வயல் நடுவில் நின்றால் மழை இருட்டிக்கொண்டு வருகிறது, மெஷின்காரன் மணிக்கணக்குக்குக் காசு கேட்கிறான். அந்த நேரம் சேற்றுக்குள் இறங்கி வருகிறவன் சேர்ட்டிபிக்கட் வைத்திருப்பவன் இல்லை, கராஜில் வளர்ந்த பெடியன்தான். என்.வி.கியூ. முடித்தவன் போனில் "லொக்கேஷன் அனுப்புங்கள்" என்பான், அப்புறம் போனே வேலை செய்யாது.

ஆரையூரான்:
அது ஆளின் குணம், பயிற்சியின் குற்றம் இல்லை. ஹெட் போல்ட் பற்றிப் பேசுகிறோம்.

வெல்லாவெளி_வயல்:
நீங்கள் பேசுகிறீர்கள். நான் வெட்டுமெஷின் பற்றிப் பேசுகிறேன்.

செங்கலடி_டீச்சர்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். மகன் ஓ.எல். எழுதிவிட்டு நிற்கிறான், வாகனத் திருத்தம்தான் படிப்பேன் என்று ஒரே பிடி. எங்கே விடுவது? கிளிநொச்சியில் ஜேர்மன் நிலையம் ஒன்று இருக்கிறதாமே, அங்கே அனுப்பலாமா, அல்லது இங்கேயே பார்க்கலாமா? வீட்டில் அப்பா கராஜில் விடச் சொல்கிறார்.

கட்டாரில்_களுவாஞ்சி:
டீச்சர், கிளிநொச்சி அறிவியல் நகரில் இருப்பது 2016இல் திறந்தது. மொறட்டுவையில் இருக்கிற பழைய "ஜேர்மன் டெக்" 1959இல் தொடங்கியது, அதன் பெயருக்கு வெளிநாட்டிலும் மதிப்பு உண்டு. தூரம் அனுப்ப மனமில்லை என்றால் நைட்டா, அதாவது அரசாங்கத்தின் பயிலுநர் பயிற்சி அதிகாரசபை, நடத்துகிற முறை இருக்கிறது. கராஜிலேயே பயிலுநராகப் பதிந்து வேலை பழகி, பிறகு மதிப்பீட்டுக்கு உட்காரலாம். வீட்டுக்காரர் சொல்வதும் நடக்கும், நீங்கள் சொல்வதும் நடக்கும். எப்படியோ என்.வி.கியூ. லெவல் 4 வரை எடுக்க வையுங்கள். 3உடன் நிறுத்திவிட்டுப் பிறகு என்னைப்போல் வருத்தப்பட வேண்டாம்.

பழைய_ஸ்பேனர்:
டீச்சர், மகனை என்னிடம் அனுப்புங்கள். சம்பளமும் தருவேன், பகல் சாப்பாடும் தருவேன். இந்தச் சேரிடம் விட்டால் பெடியன் 29, 29 என்று தூக்கத்தில் பிதற்றுவான்.
சேருக்கு ஒரு கேள்வி. உங்கள் நிலையத்து டோர்க் ரெஞ்ச், வைத்த இலக்கம் வந்ததும் "டக்" என்று கிளிக் அடிக்கிற வகைதானே? வேலை முடிந்ததும் ஸ்பிரிங்கைத் தளர்த்திக் குறைந்த இலக்கத்துக்கு இறக்கி வைக்கிறீர்களா? நான் போய்ப் பார்த்த ஒரு நிலையத்தில், பெயர் வேண்டாம், 100இல் வைத்தபடியே பெட்டிக்குள் பூட்டியிருந்தார்கள். கடைசியாக எப்போது அளந்து சரி பார்த்தீர்கள் என்று கேட்டேன், பதிவு செய்கிற கொப்பியே இல்லை. அந்த ரெஞ்ச் 29 என்றால் அது 29ஆ? என் கை பொய் சொல்லாது, உங்கள் ரெஞ்ச் சொல்லும்.

ஆரையூரான்:
ஒரு நிலையத்தின் பராமரிப்பு சரியில்லை என்றால் ரெஞ்சே வேண்டாம் என்றாகிவிடுமா? அப்போ தராசு பழுதென்றால் இறைச்சிக் கடையில் கண்ணால் நிறுத்துத் தரட்டும்.

பழைய_ஸ்பேனர்:
பதில் சொல்லுங்கள் சேர். கொப்பி இருக்கிறதா இல்லையா?
இன்னொன்றும் கேளுங்கள். போல்ட் துளைக்குள் கூலன்ட் தண்ணீர் தேங்கி நின்றால் ரெஞ்ச் அழகாக "டக்" என்னும், ஆனால் போல்ட் முழுக்க இறங்கியிருக்காது. தண்ணீர் போக இடமில்லாமல் பிளாக்கையே வெடிக்க வைக்கும். பெடியன் "சேர், டக் கேட்டது" என்று சந்தோஷமாக ஸ்டார்ட் பண்ணுவான். நான் துணி சுற்றிய கம்பியை விட்டு ஒவ்வொரு துளையாகத் துடைப்பேன், பிறகு கொம்ப்ரஷர் காற்று. இதை எந்தக் கொப்பியில் எழுதித் தருகிறீர்கள்?

ஆரையூரான்:
எல்லாக் கொப்பியிலும் இருக்கிறது. நூல் துளையைச் சுத்தம் செய் என்பது முதல் வரி. அது கராஜின் பரம்பரை இரகசியம் இல்லை. காற்று அடிக்கும்போது கண்ணாடி போடு என்பது இரண்டாவது வரி, அதை உங்கள் கராஜில் யாராவது போட்டுப் பார்த்தீர்களா?

காத்தான்குடி_ஹைபிரிட்:
இரண்டு பேரும் பழைய காலத்திலேயே நிற்கிறீர்கள். இன்று அக்வா ஹைபிரிட் கார் வருகிறது. பற்றரி 144 வோல்ட், இன்வேர்ட்டர் அதை 520 வரை தூக்கும். அந்த உயர் மின்சாரம் போகிற ஒரேஞ்ச் வயரை எந்தப் பாஸ் கைப் பக்குவத்தில் தொடுவான்? பற்றரியைத் துண்டிக்கிற சேர்விஸ் பிளக்கைக் கழற்றிவிட்டுப் பத்து நிமிடமாவது பொறுக்கவேண்டும், கப்பாசிட்டரில் தேங்கிய மின்சாரம் இறங்கவேண்டும், இன்சுலேட்டட் கையுறை வேண்டும். இதைத் தேத்தண்ணி வாங்கப் போன இடத்தில் யாரும் சொல்லித்தரமாட்டார்கள்.

பழைய_ஸ்பேனர்:
இவர்தானே முன்பு பிரேக் ஒயில் இழையில் டொட் 3ஐயும் 4ஐயும் கலந்தால் வண்டி வெடிக்கும் என்று பயம் காட்டியவர்?

காத்தான்குடி_ஹைபிரிட்:
வெடிக்கும் என்று சொல்லவில்லை. கலக்கக் கூடாது என்றேன்.

பழைய_ஸ்பேனர்:
மூன்றும் நாலும் ஒரே கிளைக்கோல் குடும்பம், கலக்கும். கலக்கக் கூடாதது சிலிக்கோன் வகை டொட் 5. அன்றைக்கும் இதைத்தான் சொன்னேன், அன்றைக்கும் ஓடினீர்கள்.

காத்தான்குடி_ஹைபிரிட்:
ஓடவில்லை. நோன்பு திறக்கப் போனேன்.

ஆரையூரான்:
பிரேக் ஒயிலுக்குத் தனி இழை இருக்கிறது. காக்கா இடம் மாறுகிறார், கவனித்தீர்களா? 29 கேட்டால் கொப்பி என்கிறார், கொப்பிக்குப் பதில் சொன்னால் டொட் 5க்குப் போகிறார்.

பழைய_ஸ்பேனர்:
கொப்பிக்கு எங்கே பதில் சொன்னீர்கள்? தண்ணீர்த் துளைக்குச் சொன்னீர்கள். ரெஞ்ச் அளந்த கொப்பி இருக்கிறதா என்ற கேள்வி அப்படியே கிடக்கிறது, எல்லாரும் மேலே போய்ப் பாருங்கள்.

மட்டுறுத்துனர்:
ஆளைத் தாக்கி எழுத வேண்டாம். இழையின் தலைப்பைப் பாருங்கள்.

ஆரையூரான்:
தலைப்பை வைத்தவனே நான்தான். சரி, நேராக ஒரு ஏற்பாடு செய்வோம். காக்கா கல்முனை கராஜிலேயே இருக்கட்டும், நான் வருகிறேன். பழைய பிளாக் ஒன்றை மேசையில் வைப்போம். அவர் கையால் பத்துப் போல்ட்டையும் 29 என்று நினைத்து இறுக்கட்டும், பிறகு நான் ரெஞ்ச் வைத்து ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன். வீடியோ எடுத்து இங்கே போடுவோம்.

பழைய_ஸ்பேனர்:
எந்த ரெஞ்ச்? 100இல் தூங்குகிற ரெஞ்சா? முதலில் அதை அளந்த சீட்டைக் கொண்டு வாருங்கள், பிறகு பிளாக் நான் தருகிறேன். இல்லாவிட்டால் என் கையை அளக்க உங்கள் பழுதான சாமானைக் கொண்டு வருகிறீர்கள், நியாயமா?

வெல்லாவெளி_வயல்:
வரும்போது வெல்லாவெளிப் பக்கமும் ஒருக்கால் வாருங்கள், மெஷின் இன்னும் நிற்கிறது.

செங்கலடி_டீச்சர்:
நைட்டாவில் பதிவதற்கு யாரைப் பார்க்க வேண்டும் என்று யாராவது சொன்னால் உதவி.

ஆரையூரான்:
டீச்சர், பிறகு சொல்கிறேன். காக்கா, சீட்டுக் கொண்டு வருகிறேன், நாளைச் சொல்லுங்கள். பிறகு பெருநாள், கல்யாண வீடு என்று சாட்டுச் சொல்லக்கூடாது.

பழைய_ஸ்பேனர்:
முதலில் சீட்டின் படத்தை இங்கே போடுங்கள். திகதி தெரிகிற மாதிரி.