கூடாரத்தின் முன் நின்ற வரிசை பிராண்டுக்கா, குளிர்சாதனத்துக்கா?

காலாங் முழக்கம் எழுதியது:
சிங்கப்பூரின் மரினா பே ஃபார்முலா 1 கார் பந்தயத்தைப் பற்றிய முந்தைய இழையில் கூடாரக்காரன் அவர்கள், "ரசிகர்கள் விளையாடிப் பார்க்க நிறுவனங்கள் அமைத்த அனுபவக் கூடாரங்களின் முன் நீண்டு நின்ற வரிசையே, ரசிகர்கள் அந்தப் பிராண்டுகளை நெஞ்சார ஏற்றுக்கொண்டதற்குச் சான்று" என்று தீர்ப்பு எழுதியிருந்ததைப் படித்த பிறகு என்னால் வாய் மூடி இருக்க முடியவில்லை. 2025 அக்டோபரில் இங்கு நடந்த பந்தயத்தை உலகக் கார் பந்தயங்களை நிர்வகிக்கும் எஃப்ஐஏ அமைப்பு வெப்ப அபாயம் உள்ளதாக அறிவித்தது. வெப்ப அபாய விதி நடப்புக்கு வந்த பிறகு அப்படி அறிவிக்கப்பட்ட முதல் பந்தயம் அதுவே. ஓட்டுநர்களுக்கே உடலைக் குளிர்விக்கும் மேலாடை ஏற்பாடு செய்ய வேண்டியிருந்த ஓர் இரவில், கூடாரத்துக்குள் குளிர்சாதனம் ஓடுகிறது என்றால் மக்கள் எதற்காக நிற்பார்கள் என்பதைக் கண்டறிய ஆய்வு தேவையில்லை. உள்ளே பற்பசையைக் காட்சிக்கு வைத்திருந்தாலும் அதே வரிசைதான் நின்றிருக்கும்.

கூடாரக்காரன் எழுதியது:
முழக்கம் அவர்களே, வரிசை நின்றது கூடாரத்துக்கு வெளியே. குளிர்சாதனம் இருந்தது உள்ளே. குளிர்ச்சியை விரும்பியவன் வெளியே வியர்த்துக் கொட்டியபடி காத்திருந்தான் என்பது எந்த ஊர்த் தர்க்கம்? இத்தகைய கூடாரங்களை அமைக்கும் துறையில் பிழைக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஒரு ரசிகர் பந்தயக் காரின் மாதிரி இருக்கையில் அமர்ந்து, திரையில் ஓடும் மரினா பே தடத்தைச் சுற்றி வந்து, தம் நேரம் பலகையில் ஏறுவதைக் கண்டுவிட்டு வெளியே வரும்போது, அந்த இருக்கையில் பொறித்திருந்த பெயரும் அவருடன் வீட்டுக்குப் போகிறது. சாலையோரப் பதாகை எதுவும் இதைச் செய்துவிட முடியாது. 2025 மே மாதம் அமெரிக்காவின் மயாமியில் நடந்த பந்தயத்தின் ஓட்டுநர் அணிவகுப்புக்காக லெகோ பொம்மை நிறுவனம், ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 400,000 கட்டைகள் கொண்ட, உண்மையிலேயே ஓடக்கூடிய பத்துக் கார்களைக் கட்டிக் கொடுத்தது. உலகமே அந்தக் காட்சியைப் பகிர்ந்தது. அங்கே எந்தக் குளிர்சாதனம் ஓடியது என்று தாங்கள் விளக்கினால் நன்றாக இருக்கும்.

காலாங் முழக்கம் எழுதியது:
மயாமியில் அந்தக் கார்களில் ஏறியவர்கள் ஓட்டுநர்கள்; ரசிகர்கள் வேடிக்கை பார்த்தார்கள். அங்கே ரசிகர் வரிசையே கிடையாது. நம் பேச்சோ வரிசையைப் பற்றியது. எனவே குளிர்சாதனத்துக்குத் திரும்புவோம்.

தேன்மொழி தோ பாயோ எழுதியது:
இருவருமே வரிசை ஏன் நீண்டது என்பதை விட்டுவிட்டீர்கள். நான் நின்ற கூடாரத்தில், நுழைவதற்கு முன் கியூஆர் குறியீட்டை வருடி, பெயர், கைப்பேசி எண், மின்னஞ்சல், பிறந்த தேதி ஆகியவற்றை நிரப்பிய பிறகே ஒரு தொப்பி கிடைக்கும் என்றார்கள். கூட்டத்தில் இணையமோ ஊர்ந்தது. ஒவ்வொருவரும் படிவத்தோடு மல்லுக்கட்டியதால்தான் வரிசை நீண்டது; அன்பாலும் அன்று, குளிர்ச்சியாலும் அன்று. ஒரு பொருளையோ சேவையையோ தருவதற்கு நியாயமாகத் தேவைப்படுவதற்கு மேல் தகவல் தர ஒப்புதல் கேட்டு, அதை நிபந்தனையாக்கக் கூடாது என்று நம் தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. தொப்பிக்கு என் பிறந்த தேதி எதற்கு? மறு வாரத்திலிருந்து எனக்கு வரும் விளம்பரக் குறுஞ்செய்திகளையும் "நெஞ்சார ஏற்றுக்கொண்டதன்" கணக்கில் சேர்த்துக்கொள்வீர்களா, கூடாரக்காரன் அவர்களே?

கூடாரக்காரன் எழுதியது:
அக்கா, தொப்பி வேண்டாம் என்று சொல்லிவிட்டு நடந்திருக்கலாமே! தொப்பியையும் வாங்கிக்கொண்டு, இங்கே வந்து சட்டப் பிரிவையும் ஒப்பிக்கிறீர்கள். அடையாள அட்டை எண்ணைத் தேவையின்றிக் கேட்பதற்கு 2019 செப்டம்பர் முதல் தேதியிலிருந்தே தடை இருப்பது இத்துறையில் உள்ள கடைநிலை ஊழியருக்கும் தெரியும். அதை யாரும் கேட்கவில்லை. ஆதரவு நிறுவனம் பணம் போடுவது யார் வந்தார்கள் என்று தெரிந்துகொள்ளத்தான். வெறும் தலைகளை எண்ணிக் கொடுத்தால் அடுத்த ஆண்டு ஒப்பந்தம் வராது. இன்னொரு செய்தியையும் கவனியுங்கள்: தாங்கள் சொன்ன அந்தக் கூடாரத்தில் குளிர்சாதனமே இல்லை, பெரிய விசிறிதான் இருந்தது. ஆகவே முழக்கம் அவர்களின் வாதம் அங்கேயே விழுந்துவிட்டது.

தேன்மொழி தோ பாயோ எழுதியது:
நான் எந்தக் கூடாரம் என்று சொல்லவே இல்லையே. தங்களுக்கு எப்படித் தெரிந்தது?

காலாங் முழக்கம் எழுதியது:
நல்ல கேள்வி; பதில் வராது. விசிறியானாலும் காற்று காற்றுதான். இன்னொன்றையும் கூடாரக்காரன் மறைக்கிறார். மாதிரி இருக்கையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் அமர முடியும். ஒருவருக்கு மூன்று நிமிடம் என்றால் மணிக்கு இருபது பேர். இருபத்தோராவது ஆள் வந்தவுடன் வரிசை பிறந்துவிடுகிறது. இருக்கையைக் குறைத்தால் வரிசை நீளும், வரிசை நீண்டால் படம் எடுத்துப் பணம் போட்ட நிறுவனத்துக்கு அனுப்பலாம். 2023இல் கத்தார் பந்தயத்தில் மெக்லாரன் பந்தய அணியின் குழுவினர் நான்கு சக்கரங்களையும் 1.80 வினாடியில் மாற்றினார்கள். இங்கே சக்கரம் மாற்றும் விளையாட்டுக் கூடாரத்தில் ஒரே ஒரு சக்கரத்தை மாற்ற, புகைப்படம் எடுப்பது உட்பட, ஒரு குடும்பத்துக்கு ஒரு யுகம் ஆகிறது. 1994இல் மலேசியக் கிண்ணக் காற்பந்து இறுதியாட்டத்தில் சிங்கப்பூர் அணியான நாம் பஹாங்கை 4-0 என்று புரட்டி எடுத்தபோது, நம் காலாங் அரங்கத்தில் எந்தக் கூடாரம் இருந்தது? அரங்கமே அனுபவமாக இருந்தது.

கூடாரக்காரன் எழுதியது:
அந்த இறுதியாட்டம் நடந்தது மலேசியாவின் ஷா ஆலம் அரங்கத்தில். காலாங்கின் பெயரையே சூட்டிக்கொண்டவருக்கு இது தெரியாமல் போனது வியப்பாக இருக்கிறது. தாங்கள் புனிதமாகப் போற்றும் அந்தக் காலத்தில் மலேசிய லீக்கின் ஆதரவாளர் யார் என்பதாவது நினைவிருக்கிறதா? டன்ஹில் சிகரெட் நிறுவனம். ரசிகர்களைப் புகைக்கு அழைத்த பெயரோடு வாழ்ந்தவர்கள், இன்று சக்கரம் மாற்றி விளையாடச் சொல்லும் நிறுவனத்தைப் பார்த்து முகம் சுளிக்கிறார்கள்.

காலாங் முழக்கம் எழுதியது:
ஷா ஆலமுக்குப் பேருந்து பேருந்தாகப் போனவர்கள் காலாங்கின் ரசிகர்கள்தாம். அரங்கம் எங்கிருந்தாலும் முழக்கம் எங்களுடையது. டன்ஹில் பெயர் பலகையில் இருந்தது, அவ்வளவுதான். எங்களைக் கூடாரத்துக்குள் இழுத்துக் குளிரூட்டி, "உங்களுக்கு எங்களைப் பிடித்திருக்கிறது" என்று அறிக்கை எழுதவில்லை.

பாடாங் புல்தரை எழுதியது:
ஐயா, இருவரும் சற்று நிதானமாகப் பேசலாம். எல்லாக் கூடாரத்தையும் ஒரே தராசில் வைக்க முடியாது. நான் பெரும்பாலும் பந்தய வளாகத்தில் உள்ள பாடாங் திடல் மேடையின் இசை நிகழ்ச்சிக்காகவே சீட்டு வாங்குகிறவன். கூடாரங்கள் இடைவேளையைப் போக்க உதவுகின்றன. பிள்ளைகளுக்குப் பிடித்திருந்தது. உள்ளே குளிர்ச்சியாகவும் இருந்தது.

காலாங் முழக்கம் எழுதியது:
கடைசி வாக்கியத்தை எல்லாரும் இரண்டு முறை படிக்கவும்.

கூடாரக்காரன் எழுதியது:
"பிள்ளைகளுக்குப் பிடித்திருந்தது" என்ற அதற்கு முந்தைய வாக்கியத்தை மூன்று முறை படிக்கவும். மரினா ஸ்குவேர், சன்டெக் சிட்டி ஆகிய கடைத்தொகுதிகள் நடக்கும் தொலைவில் இருக்க, குளிர்ச்சி மட்டுமே வேண்டும் என்பவர் அங்கே போயிருப்பார். பல நூறு வெள்ளி கொடுத்துச் சீட்டு வாங்கியவர் தடத்தின் அருகிலேயே நின்றார் என்றால் ஏதோ ஒன்று அவரைப் பிடித்து நிறுத்தியிருக்கிறது. அந்த ஏதோ ஒன்றை உருவாக்குவதற்கு மாதக்கணக்கில் உழைக்கிறோம்: எந்த நுழைவாயிலிலிருந்து கூட்டம் வரும், பயிற்சி ஓட்டத்துக்கும் தகுதிச் சுற்றுக்கும் இடையே எவ்வளவு நேரம் கிடைக்கும், மழை வந்தால் எங்கே ஒதுங்குவார்கள் என்பது வரை திட்டமிடுகிறோம். விசைப்பலகையின் முன் அமர்ந்து பற்பசை என்று எழுதிவிடுவது எளிது.

காலாங் முழக்கம் எழுதியது:
பல நூறு வெள்ளி கொடுத்தவர் வெளியேறிக் கடைத்தொகுதியில் உட்காருவாரா? அதனால்தான் உள்ளே இருக்கும் குளிர்சாதனத்தைத் தேடினார். என் வாதத்தை இவ்வளவு விரிவாக எடுத்துரைத்ததற்கு நன்றி. மழைக்கு ஒதுங்குவதையும் தாங்களே பட்டியலில் சேர்த்துவிட்டீர்கள். நனையாமல் நிற்கிறவரும் அறிக்கையில் ரசிகராகத்தான் எண்ணப்படுவார் போலும்.

தேன்மொழி தோ பாயோ எழுதியது:
எந்தக் கூடாரம் என்று எப்படித் தெரிந்தது என்ற என் கேள்வி இன்னும் அப்படியே இருக்கிறது. பிறந்த தேதியைக் கொடுத்தவள் நான். பதில் கேட்கும் உரிமை எனக்கு உண்டு.

கூடாரக்காரன் எழுதியது:
அக்கா, விசிறிகளை வாடகைக்கு எடுத்த பட்டியல் எங்களிடம் இருக்கிறது; தொப்பி கொடுத்த கூடாரங்களில் எதிலும் குளிர்சாதனம் இல்லை. முழக்கம் அவர்கள் அடுத்த பந்தயத்துக்கு வந்து, குளிர்சாதனம் இல்லாத கூடாரத்தின் முன் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று தாமே எண்ணிக்கொள்ளட்டும்.

காலாங் முழக்கம் எழுதியது:
வருகிறேன். விசிறியை அணைத்துவிட்டு எண்ணச் சொல்லுங்கள்.