சிற்றூருக்கு ஒருநாள் பயணம்: களைப்பின்றித் திட்டமிடுவது எப்படி?

கேள்வி: வயதான பெற்றோருடன் நகரிலிருந்து அருகிலுள்ள சிற்றூருக்குக் காலையில் சென்று மாலையில் திரும்ப எண்ணியுள்ளேன், சென்ற முறை ஆறு இடங்களைப் பட்டியலிட்டு அவர்களைக் களைப்படையச் செய்துவிட்டேன் என்பதால், இம்முறை தங்கள் ஆலோசனையை வேண்டுகிறேன்.

மறுமொழி 1: ஒருவழிப் பயணம் இரண்டு மணி நேரத்தைத் தாண்டாத ஊரையே தேர்ந்தெடுங்கள், தாண்டினால் பகலின் பெரும்பகுதி வண்டியிலேயே கழிந்துவிடும். கட்டாயம் பார்க்க ஓரிடம், உடல் ஒத்துழைத்தால் இன்னோரிடம் என்று வைத்துக்கொண்டு, நடுப்பகலை நிழலில் அமர்ந்து உண்பதற்கும் பேசுவதற்கும் விட்டுவிடுங்கள். என் தாயார் இன்றும் நினைவுகூர்வது அந்த ஓய்வு நேரத்தைத்தான்.

மறுமொழி 2: திரும்பும் வண்டியின் நேரத்தை முதலில் உறுதிசெய்யுங்கள். விடுமுறை நாட்களில் சேவை குறைவாக இருக்கக்கூடும் என்பதால், கடைசி வண்டியை நம்பாமல் அதற்கு முந்தையதில் புறப்படுவதே நல்லது.

மறுமொழி 3: கழிப்பறை வசதி எங்கெங்கே உள்ளது என்பதையும் முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள், முதியோருக்கு அதுவே பெருங்கவலை.