முதலில் முகமா, முதலில் அலறலா?

வெட்டுமேசை:
உருவத்துக்காக ஒதுக்கப்பட்டவர்களைப் பற்றிப் பேச்செடுத்தாலே 'தி எலிஃபண்ட் மேன்' (1980) படத்தை உச்சத்தில் வைக்கிறார்கள். எனக்கு உறுத்துகிறது. நாயகன் மெர்ரிக்கின் முகத்தை டேவிட் லிஞ்ச் வெகுநேரம் ஒளித்து வைக்கிறார். ஒற்றைக் கண்துளை போட்ட துணி உறை, திரைக்குப் பின்னால் நிழல், கடைசியில் தாதி அலறும்போது முழு முகம். கூடாரத்தில் காசு வாங்கிக்கொண்டு துணியை விலக்குபவன் செய்வதும் இதுதானே?

கடைசி_வரிசை:
முக்கியமான ஷாட்டை விட்டுவிட்டீர்களே! டாக்டர் ட்ரீவ்ஸ் மெர்ரிக்கை முதன்முதலில் பார்க்கும்போது கேமரா போவது ட்ரீவ்ஸாக நடித்த ஆன்டனி ஹாப்கின்ஸ் முகத்துக்கு. கண்ணீர் வழிகிறது. அதைப் பார்த்துவிட்டுத்தான் அலறலுக்கு வருகிறோம். அங்கேயும் தாதியைப் போலவே மெர்ரிக்கும் நடுங்குகிறார். கூடாரக்காரன் அந்த நடுக்கத்தைக் காட்ட மாட்டான்.

வெட்டுமேசை:
கண்ணீரும் ஒரு தீர்ப்புதான். அடுத்தவர் முகபாவத்தை முன்னால் ஒட்டினால், எப்படிப் பார்க்க வேண்டும் என்று நமக்குச் சொல்லிவிட்டீர்கள் என்று பொருள். அதை எடுத்துவிட்டு, இசையையும் நிறுத்தி, அந்த ஆள் சட்டைப் பொத்தான் போடுவதைப் பதினைந்து விநாடி வெட்டாமல் ஓட விடுங்கள். முதலில் கண் முகத்தைத்தான் மேயும், பிறகு பொத்தானுக்குப் போகும். பல படங்கள் மூன்றாவது விநாடியிலேயே வெட்டிவிடுகின்றன.

வெட்டு ஒரு பாத்திரத்தை என்ன செய்யும் என்பதற்கு 'ஃபிராங்கன்ஸ்டைன்' (1931) போதும். ஏரிக்கரையில் ஒரு சிறுமியும், பிணத்துண்டுகளை இணைத்து உயிரூட்டப்பட்ட அந்த உருவமும் பூக்களை நீரில் மிதக்க விடுகிறார்கள். பூ தீர்ந்ததும், அவளும் மிதப்பாள் என்று நினைத்து அது அவளைத் தூக்கிப் போடுகிறது. தணிக்கையில் அந்தப் பகுதி போனது. மிஞ்சியவை அவளை நோக்கி நீளும் கைகளும், பிறகு பிணத்தைத் தூக்கி வரும் தகப்பனும். அறியாமையால் நேர்ந்த சாவு, பார்ப்பவர் மனதில் அதைவிடக் கேவலமான குற்றமாகிவிட்டது.

அரிதாரம்:
இருவரும் எடிட்டிங்கிலேயே நிற்கிறீர்கள். மெர்ரிக்காக நடித்த ஜான் ஹர்ட்டுக்கு ஒப்பனை போட ஒவ்வொரு முறையும் ஏழெட்டு மணி நேரம் பிடித்தது. ஒப்பனைக் கலைஞர் கிறிஸ்டோபர் டக்கர் அதை உருவாக்கியது நிஜ மெர்ரிக்கின் உடலிலிருந்தே எடுத்த வார்ப்புகளைப் பார்த்து. முகத்தில் ஒட்டும் ஃபோம் லேடெக்ஸ் என்ற நுரை ரப்பர் வெளிச்சத்தை உள்ளே விடாது. வண்ணத்தில் செத்த தோலாகத் தெரியும். கறுப்பு வெள்ளை அதை மறைத்தது. சிலிகோன் தோல்போல ஒளியை உள்வாங்கும், ஆனால் கனம். எதுவானாலும் தடித்த இடத்தில் கன்னத் தசையின் அசைவு வெளியே வராது. நடிப்பு கண்ணுக்கும் குரலுக்கும் ஒதுங்கிவிடும்.

லென்ஸையும் பாருங்கள். 24 மி.மீ. போட்டு அரை மீட்டரில் நிறுத்தினால் யார் மூக்கும் புடைக்கும். இரண்டு மீட்டர் தள்ளி 85 மி.மீ. லென்ஸில் எடுத்தால் அதே முகம் அடங்கி நிற்கும். கீழிருந்து விளக்கும் வைத்துவிட்டு 'ஒப்பனை பயங்கரம்' என்பார்கள்!

கடைசி_வரிசை:
அப்படியானால் ஒப்பனையே எதற்கு? 'எ டிஃபரண்ட் மேன்' (2024) படத்தில் செபாஸ்டியன் ஸ்டான் ஒட்டுத்தோலுடன் வருகிறார். நரம்புகளில் கட்டிகள் வளரும் நியூரோஃபைப்ரோமடோசிஸ் உள்ள ஆடம் பியர்சன் சொந்த முகத்துடன் வருகிறார். கலகலப்பும் கர்வமும் பியர்சன் பாத்திரத்துக்கு. பாவம் பார்க்க இடமே கொடுக்காத ஆள்.

அரிதாரம்:
அந்தக் கதையில் முகம் நடுவில் மாறியாக வேண்டும், ஒட்டுத்தோல் இல்லாமல் நடக்காது. மாறாத முகம் என்றால் உங்கள் கட்சிதான் நான்.

வெட்டுமேசை:
எனக்கும் அதில் சண்டையில்லை. ஆனால் 'எலிஃபண்ட் மேன்' போஸ்டரைப் பாருங்கள்: முகம் கிடையாது, அந்தத் துணி உறைதான்.

கடைசி_வரிசை:
அது விற்பவன் வேலை ஐயா, லிஞ்ச் கணக்கில் எழுதாதீர்கள்.