படகு இழுக்கச் சிறிய டீசல் வீட்டு வேன் போதுமா?

சிப்புட் ஆசிரியர்:

அனைவருக்கும் வணக்கம். நான் சுங்கை சிப்புட்டில் வசிக்கும் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர். உள்ளேயே படுக்கவும் சமைக்கவும் வசதி செய்யப்பட்ட பழைய வண்டி ஒன்றை வாங்கி, மனைவியுடன் ஆண்டுக்கு ஏறக்குறைய 8,000 கிலோமீட்டர் பயணம் செய்ய விரும்புகிறேன். பெரும்பாலும் லெங்கோங், கிரீக் வழியாகத் தெமெங்கோர் ஏரிக்குத்தான் போவோம். அங்கே மீன் பிடிப்பதற்கு ஓர் அலுமினியப் படகு வைத்திருக்கிறேன். படகு, அதன் இயந்திரம், டிரெய்லர் மூன்றும் சேர்ந்து சுமார் 400 கிலோ இருக்கும்.

இரண்டு வண்டிகளைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று, குளியலறையோடு இசுசு லோரியின் மேல் கட்டப்பட்டது. மற்றொன்று, 4.695 மீட்டர் நீளமுள்ள டொயோட்டா ஹையேஸ் 2.5 டீசல். நூறு கிலோமீட்டருக்கு லோரி வண்டி 16 லிட்டரும் ஹையேஸ் 10 லிட்டரும் குடிக்கும் என்று விற்பவர்கள் சொல்கிறார்கள். 2024 ஜூன் 10-ஆம் நாள் தீபகற்ப மலேசியாவில் டீசல் லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டாக உயர்ந்ததல்லவா, அந்த விலையை வைத்தே கணக்குப் போட்டேன். லோரி வண்டிக்கு ஆண்டுக்கு 4,288 ரிங்கிட், ஹையேஸுக்கு 2,680 ரிங்கிட். ஓய்வூதியத்தில் வாழும் எங்களுக்கு இந்த 1,608 ரிங்கிட் வேறுபாடு சிறிய தொகை அன்று.

எனினும், சிறிய வண்டி படகையும் இழுத்துக்கொண்டு மலைச்சாலையில் ஏறுமா என்ற கவலை எனக்கு இருக்கிறது. அமெரிக்காவில் வேலை செய்யும் என் மகனோ, அங்கே மெர்சிடிஸ் ஸ்பிரிண்டர் வேனின் மேல் கட்டிய சிறிய டீசல் வீட்டு வண்டிகள் 5,000 பவுண்டு வரை இழுக்கின்றன, ஆகவே தயங்காமல் வாங்குங்கள் என்கிறான். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

கோலாகங்சார் பட்டறை:

ஐயாவுக்கு வணக்கம். ஏறுமா என்ற கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: ஏறும். அந்த 2.5 டீசல் 102 குதிரைத்திறன்தான் என்றாலும், 260 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையை நிமிடத்துக்கு 1,600 சுழற்சியிலேயே கொடுத்துவிடும். வேகம் குறையும், பின்னால் வருபவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்க வேண்டியிருக்கும், ஆனால் 400 கிலோ அதற்குப் பெரிய சுமை அன்று.

எனக்கு அச்சம் தருவது இறக்கம்தான். டீசல் இயந்திரத்தில் பெட்ரோல் இயந்திரத்தைப் போல உள்ளே செல்லும் காற்றை அடைத்து நிறுத்தும் கதவு வேலை செய்வதில்லை. அதனால் முடுக்கி மிதியிலிருந்து காலை எடுத்தவுடன் வண்டியைப் பிடித்து நிறுத்தும் தன்மை அதற்குக் குறைவு. பிரேக் இல்லாத டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே வரும்போது, ஓட்டுபவர் பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டிருந்தால், பிரேக் எண்ணெய் கொதித்து மிதி தரையைத் தொட்டுவிடும். அப்படி வந்த வண்டிகளை என் பட்டறையில் பார்த்திருக்கிறேன். இறங்கத் தொடங்குவதற்கு முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள். பிரேக் எண்ணெய் எப்போது மாற்றப்பட்டது என்று விற்பவரிடம் கேளுங்கள். பதில் தெளிவாக இல்லையென்றால் வாங்கிய அன்றே மாற்றிவிடுங்கள்.

மகன் சொன்ன எண் சரிதான், ஆனால் அது பாதிக் கணக்கு. ஸ்பிரிண்டர் 3500 என்ற ரகத்தின் அடிச்சட்டத்தில் வண்டியின் மொத்த எடை வரம்பு 11,030 பவுண்டு, வண்டியும் இழுக்கப்படுவதும் சேர்ந்த வரம்பு 15,250 பவுண்டு. வண்டியை வரம்பு வரை நிரப்பிவிட்டால் இழுப்பதற்கு மிஞ்சுவது 4,220 பவுண்டு மட்டுமே, அதாவது 1,900 கிலோவுக்குச் சற்று மேல். டிரெய்லரை மாட்டும் கொக்கியில் 5,000 என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பக் கூடாது. ஹையேஸ் அதைவிட மிகச் சிறிய வண்டி; அதற்குரிய வரம்புகளைக் கையேட்டிலும் கதவோரத் தகட்டிலும் பாருங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. டிரெய்லர் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 40 கிலோ, கொக்கியின் மேல் அமரும். கொக்கி பின் அச்சுக்கு 1.25 மீட்டர் பின்னால் இருப்பதாக வைத்துக்கொண்டால், இரு அச்சுகளுக்கும் இடைப்பட்ட தூரம் 2.57 மீட்டர் என்பதால், அந்த 40 கிலோ பின் அச்சில் 59 கிலோவாக இறங்கும். முன் சக்கரங்களில் 19 கிலோ குறையும். தண்ணீர்த் தொட்டி, 14 கிலோ கேஸ் தோங் (எரிவாயு உருளை), மின்கலம் எல்லாவற்றையும் பின்பக்கம் அடுக்கி வைத்திருந்தால் வண்டியின் மூக்கு மேலே தூக்கிக்கொண்டு, மழையில் ஸ்டீரிங் பிடி தளர்ந்துவிடும்.

பீடோர் பயணி:

ஆசிரியர் ஐயா, நானும் என் கணவரும் ஹையேஸின் 2.7 பெட்ரோல் வண்டியைத் தூங்கும் வண்டியாக மாற்றி வைத்திருக்கிறோம். டீசல்தான் சிக்கனம் என்பது நம் அப்பா காலத்திலிருந்து வந்த நம்பிக்கை. இன்றைக்கு அதை மறுபடியும் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். எங்கள் வண்டி நூறு கிலோமீட்டருக்கு 13 லிட்டர் குடிக்கிறது. 2025 செப்டம்பர் இறுதியில் தொடங்கிய, அரசின் பெட்ரோல் மானியமான புடி95 திட்டத்தில் குடிமக்களுக்கு ரோன்95 பெட்ரோல் லிட்டர் 1.99 ரிங்கிட். உங்கள் 8,000 கிலோமீட்டருக்கு 1,040 லிட்டர் என்று வைத்தால் 2,070 ரிங்கிட்தான் வருகிறது. உங்கள் டீசல் கணக்கைவிட 610 ரிங்கிட் குறைவு.

ஆனாலும் படகு இழுப்பதற்கு எங்கள் வண்டியைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை. அதன் 241 நியூட்டன் மீட்டரும் 3,800 சுழற்சியில்தான் கிடைக்கிறது. சிம்பாங் பூலாயிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும்போது இயந்திரம் அலறிக்கொண்டே போகும்.

டீசல் வாங்கினால் ஒன்றை மறக்காதீர்கள். நம் நிலையங்களில் விற்கும் பி10 டீசலில் பத்து விழுக்காடு செம்பனை எண்ணெய்யிலிருந்து எடுத்தது. நம் தோட்டத்துப் பழம் நம் வண்டியில் ஓடுகிறது என்பதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் அது ஈரத்தை இழுக்கும். வாரக்கணக்கில் வண்டியை நிறுத்தி வைப்பதாக இருந்தால் தொட்டியை நிரப்பி வையுங்கள். வடிகட்டியின் அடியில் தேங்கும் நீரை அவ்வப்போது வெளியேற்றுங்கள்.

கோலாகங்சார் பட்டறை:

தங்கை சொன்ன கணக்கு உண்மை. ஆனால் தகுதியுள்ள தனியார் டீசல் வண்டி உரிமையாளர்களுக்குப் அரசின் ரொக்க உதவியான புடி மடானி திட்டத்தில் மாதம் 200 ரிங்கிட் என்று 2024-இல் அறிவித்தார்கள். அது கிடைத்தால் ஆண்டுக்கு 2,400 ரிங்கிட், கணக்கே தலைகீழாகிவிடும். வண்டி எந்த வகையில் பதிவாகியிருக்கிறது, தங்கள் வருமானம் தகுதிக்குள் வருகிறதா என்பதை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள். உள்ளே செய்த மாற்றங்களுக்குச் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதி இருக்கிறதா என்றும் பதிவுப் பத்திரத்தில் பாருங்கள்.

நெடுஞ்சாலையில் 110-இல் போகாமல் 90-இல் போனாலே போதும். 110-இல் காற்றின் எதிர்ப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. இவ்வளவு உயரமான வண்டிக்கு அதுதான் பெரிய சிக்கனம்.

சிப்புட் ஆசிரியர்:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. லோரி வண்டியைக் கைவிட்டுவிட்டேன். என் டி வகை ஓட்டுநர் உரிமம் சுமையற்ற எடை 3,500 கிலோ வரைதான் என்பதால் அதில் வேறு சிக்கலும் இருந்தது. ஹையேஸ் உரிமையாளரிடம் பேசினேன். எங்கள் ஊருக்கு அருகிலுள்ள செம்பனை ஆலையின் எடைப்பாலத்தில் வண்டியை எடை போட்டுப் பார்க்க அங்கே வேலை செய்யும் என் பழைய மாணவர் ஏற்பாடு செய்திருக்கிறார். சனிக்கிழமை காலை, தண்ணீர்த் தொட்டியை நிரப்பி, நாங்கள் இருவரும் உள்ளே அமர்ந்து, படகையும் மாட்டி, முன் அச்சையும் பின் அச்சையும் தனித்தனியே நிறுக்கப் போகிறோம். எண்களை இங்கே எழுதுகிறேன்.