கட்டட வேலையில எல்லாரையும் சேர்க்கிற ஒப்பந்தகாரருக்கு விருது: எதைப் பாத்துக் குடுக்கிறது?

பரந்தன்_சந்தி:

வணக்கம் எல்லாருக்கும். கிளிநொச்சி முல்லைத்தீவுப் பக்கம் வேலை எடுக்கிற சின்ன ஒப்பந்தகாரர் கொஞ்சப்பேர் சேர்ந்து ஒரு சங்கம் வச்சிருக்கிறம், கூடுதலா சி8 சி9 தரத்தில பதிஞ்ச ஆக்கள்தான் (ஒப்பந்தகாரர் பதிவில இலக்கம் கூடக்கூட வேலை சின்னன்). ஒவ்வொரு வருசமும் ஒண்டுகூடல் வைக்கேக்க நேரத்துக்கு முடிச்ச வேலைக்கு ஒரு கேடயம், நல்ல பினிஷிங்குக்கு ஒரு கேடயம் குடுக்கிறது வழக்கம். இந்தமுறை மூண்டாவதா ஒண்டு குடுக்க வேணும் எண்டு கேட்டிருக்கிறன். பொம்பிளையளை, மாற்றுத்திறனாளியளை, மலையகத்தில இருந்து வந்து இஞ்ச குடியேறின குடும்பங்களை, 1990ல வெளியேற்றப்பட்டுப் போய் இப்ப திரும்பி வந்திருக்கிற முஸ்லிம் ஆக்களை எல்லாம் பாகுபாடு இல்லாம வேலைக்கு எடுத்து, தொழிலும் பழக்கி, வேலை நடக்கிற ஊருக்கும் ஒரு பிரயோசனம் செய்யிற ஆக்களுக்கு.

ஏன் எண்டா 2009க்குப் பிறகு வன்னியில நடந்த கட்டட வேலை கொஞ்சநஞ்சமில்லை, ஏ9 வீதி, 2013ல கிளிநொச்சிக்கு யாழ்தேவி திரும்பி வந்த றெயில்பாதை, பள்ளிக்கூடங்கள், ஆயிரக்கணக்கில வீட்டுத்திட்ட வீடுகள். அந்த வீடுகளுக்குத் தாச்சி சுமந்த பொம்பிளையள் எத்தினை பேர் எண்டு எங்களுக்கெல்லாம் தெரியும். திறப்புவிழாக் கல்லில அவையின்ர பேர் வராது, எங்கட சங்கத்திலயாவது அவையை மதிச்சு வேலை குடுக்கிற ஆளை எழுப்பி நிப்பாட்டிக் கைதட்ட வேணும் எண்டு எனக்குக் கனநாளா மனசுக்க கிடக்கு.

கமிட்டியில சிலபேர் இது என்ஜிஓக்காரரின்ர கதை எண்டினம். சிலபேர் ஓம் எண்டினம், ஆனா எதை வச்சு அளக்கிறது எண்டு கேக்கினம். விண்ணப்பம் போடச் சொன்னா போட்டோவும் பனருமாத்தான் வந்து குவியும், அதுதான் எனக்குப் பயம். எதைப் பாக்கலாம், ஆரிட்டக் கேக்கலாம், அனுபவப்பட்ட ஆக்கள் சொல்லுங்கோ.

முழங்காவில்_அக்கா:

முதல் சம்பளக் கொப்பியைப் பாருங்கோ தம்பி, மற்றதெல்லாம் பிறகு. ஒரே கொங்கிறீற், ஒரே வெயில், ரெண்டு பேரும் காலமை வந்து பின்னேரம்தான் போறது, ஆனா கையில வாங்கேக்க ஆம்பிளைக்கு மூவாயிரம் எண்டா பொம்பிளைக்கு ரெண்டாயிரம். கேட்டா பெண்கூலி அவ்வளவுதான் அக்கா எண்டிடுவினம். சமமாக் குடுக்கிற ஆள் ஒராள் இருந்தா அவருக்கு நான் மறுகேள்வி இல்லாமக் கேடயம் குடுப்பன்.

பிறகு ரொய்லெட். எங்கட பிள்ளையள் மத்தியானம் மட்டும் ஒரு மிடறு தண்ணி குடிக்காம நிக்கிறது ஏன் எண்டு எந்த ஓவசியரும் கேட்டதில்லை. பத்தைக்குள்ள போக வேணும், ரோட்டு வேலை எண்டா அந்தப் பத்தையும் இல்லை. நாலு தடி, சுத்திவரத் தகரம், உள்ளுக்க கொளுவுறதுக்கு ஒரு கொண்டி, அவ்வளவுதானே கேக்கிறது. கொண்டி இருக்கோ எண்டு நீங்கள் நேர போய்ப் பாருங்கோ தம்பி, ஏனெண்டா தகரம் அடிச்சுப் போட்டோ எடுத்துப்போட்டுக் கொண்டி வைக்காத ரொய்லெட் எவ்வளவோ நான் கண்டிட்டன், ஒராள் உள்ளுக்க போனா இன்னொராள் வெளியில காவல் நிக்க வேணும்.

மூண்டாவதும் சொல்லவேணும். இந்திய வீட்டுத்திட்டம் வந்த நேரம் காசை எங்கட பாங்க் புத்தகத்துக்குத்தான் பகுதி பகுதியாப் போட்டவை, மொத்தமா அஞ்சரை லட்சம், வீட்டுக்காரர்தான் நிண்டு கட்டுவிக்க வேணும். புருசன் இல்லாத வீடுகள் எத்தினை. அந்தப் பொம்பிளையள்தான் மேசனோட பேரம் பேசி, சீமெந்துப் பைக்கெற் எண்ணி இறக்கி, மணல் லோட்டுக்கு அலைஞ்சு கட்டினவை. நானும் தங்கச்சியும் எங்கட அத்திவாரக் கிடங்கு நாங்களே வெட்டினம், கல்லும் நாங்களே அரிஞ்சம், பேந்து பக்கத்து வளவுக்கும் போய்க் கை குடுத்தம். அப்பிடித் தொழில் பழகின ஆக்கள் இண்டைக்கும் சைற் லிஸ்ற்றில “கையாள்” எண்டுதான் கிடக்கினம். சுவர் கட்டத் தெரியும், தூக்குக்குண்டு பிடிக்கத் தெரியும், பூச்சும் தெரியும், ஆனா சாந்தகப்பையை அவளிட்டக் குடுக்க மாட்டினம். கையாளா வந்த ஒரு பொம்பிளையை மேசன் எண்டு எழுதி மேசன்கூலி குடுத்த ஆள் ஆர் எண்டு தேடிப் பிடியுங்கோ.

பொம்பிளைக்குப் பாரவேலை ஏலாது எண்டு இனியும் ஆரும் சொன்னா முகமாலைப் பக்கம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கோ, முழங்கால் மண்ணில குத்தி இருந்து கண்ணிவெடி எடுத்தது எங்கட பெட்டையளும்தான்.

மாங்குளம்_கட்டடம்:

அக்கா சொல்லுறது எல்லாம் உண்மை, நான் மறுக்கேல்லை. ஆனா எங்கட பக்கத்தையும் கேளுங்கோ. முடிச்ச வேலைக்கு பில் போட்டிட்டு மாசக்கணக்கா காத்துக்கொண்டு இருக்கிறம், சீமெந்துக் கடையில கடன், மெசினுக்கு வாடகை. தெற்கில இருந்து வாற பெரிய கொம்பனி தனியா ஒரு ஆளைப் போட்டு பாதுகாப்பு, சமூகத்தொடர்பு எண்டு பைல் அடுக்கி வைப்பான், விருது எண்டு வந்தா அவன்தான் கொண்டுபோவான். ஆறேழு பேரை வச்சு ஒரு முன்பள்ளிக் கட்டடம் கட்டுற நான் என்னத்தைக் காட்டுறது? சின்ன ஆக்களை வேறயாப் பிரிச்சுப் பாக்காட்டி இந்த விருது வேண்டாம் எண்டுதான் நான் சொல்லுவன்.

ஓய்வுபெற்ற_ரீஓ_வவுனியா:

மாங்குளம் தம்பி, உங்கட கவலை நியாயம், ஆனா ரொய்லெட்டுக்கும் தண்ணிக்கும் உங்கட கைக்காசு போக வேண்டிய அவசியமில்லை. பீஓகியூவில, அதுதான் வேலைக்கு அளவும் விலையும் போடுற பட்டியலில, முன்பகுதியில பிரிலிமினரிஸ் எண்டு வாறது இதுகளுக்குத்தான், தொழிலாளருக்கான வசதி, பாதுகாப்பு, பெயர்ப்பலகை எல்லாம் அதுக்குள்ள அடங்கும். எங்கட ஆக்கள் விலை குறைக்க வேணும் எண்டு அந்த ஐற்றத்துக்கு ஒண்டும் போடாம விட்டிட்டு வேலை தொடங்கினாப் பிறகு காசில்லை எண்டுவினம். ரேற் போடேக்கயே அதைப் போடுங்கோ. சங்கமாச் சேர்ந்து எல்லாரும் போட்டா ஒருத்தரும் அதால ரெண்டர் இழக்கப்போறதில்லை.

பரந்தன் தம்பிக்கு, நீங்கள் பேப்பரில பாக்கக்கூடியது ரெண்டு விசயம் இருக்கு. ஒண்டு ஈபிஎஃப், ஊழியர் சேமலாப நிதி. நாட்கூலி ஆளுக்கும் அது உரியதுதான், தொழிலாளி 8 வீதம், முதலாளி 12 வீதம், அதோட ஈரிஎஃப் எண்ட ஊழியர் நம்பிக்கை நிதி 3 வீதமும் முதலாளிதான். கட்டட வேலையில பொம்பிளையளுக்கு இது கட்டுற ஆளை நான் ரீஓவா, அதுதான் தொழில்நுட்ப உத்தியோகத்தரா, சேவையில இருந்த காலத்தில கண்டது வலு குறைவு. பங்களிப்புக் கட்டின பத்திரத்தில பேர் இருக்கும், அதைப் பாத்தாலே ஆரார் வேலை செய்தினம் எண்டு விளங்கிடும்.

மற்றது என்விகியூ, தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ். பள்ளிக்கூடப் படிப்பு இல்லாட்டிலும் அனுபவத்தை வச்சு ஆர்பிஎல் (முன்கற்றலை அங்கீகரிக்கிற) முறையில சேர்ட்டிபிக்கேற் எடுக்கலாம், தொழிற்பயிற்சி அதிகாரசபையான நைட்டாவில பதிஞ்சா மதிப்பீட்டாளர் வந்து வேலையைச் செய்யச் சொல்லிப் பாப்பார், கேள்வி கேப்பார், செய்த வேலைக்கு ஆதாரம் கேப்பார். இந்த ஆதாரத்திலதான் எங்கட சனம் மாட்டுப்படுறது. எனக்குத் தெரிஞ்ச ஒரு பிள்ளை வருசக்கணக்கா ஒராளிட்ட வேலை செய்தவள், ஒரு கடிதம் எழுதித் தாங்கோ எண்டு நடையா நடந்தும் அவர் குடுக்கேல்லை, குடுத்தா கூலி கூட்டிக் கேப்பாள் எண்டு பயம். உங்கட விருதில இதுக்குக் கூடப் புள்ளி போடுங்கோ. தன்ர வேலையாளுக்குச் சேர்ட்டிபிக்கேற் எடுத்துக் குடுத்திட்டு, அந்த ஆள் நாளைக்கு வேற சைற்றுக்குப் போனாலும் பரவாயில்லை எண்டு நினைக்கிற மனம் இருக்கே, அது பெரிய மனம்.

ஊருக்குச் செய்யிறது எண்டா அறிவியல்நகரில 2016ல திறந்த இலங்கை ஜேர்மன் பயிற்சி நிலையம் இருக்கு, பக்கத்திலயே யாழ் பல்கலைக்கழகத்தின்ர பொறியியல் பீடம் இருக்கு. அந்தப் பிள்ளையளை, முக்கியமாப் பொம்பிளைப் பிள்ளையளை, பயிற்சிக்கு சைற்றில எடுத்து ஒழுங்கா வேலை காட்டுற ஒப்பந்தகாரர் ஆர் எண்டு அங்கயே போய்க் கேக்கலாம். ரெண்டு கொப்பியும் பேனையும் குடுத்துப் படம் எடுக்கிறதை நான் கணக்கில எடுக்க மாட்டன்.

நந்திக்கடல்_கரை:

நான் சக்கரநாற்காலியில இருக்கிறனான். வேலைக்கு எடுக்கிறதைப் பற்றித்தான் எல்லாரும் கதைக்கிறியள், கட்டி முடிச்ச கட்டடத்துக்குள்ள நாங்கள் போக ஏலுமோ எண்டும் பாருங்கோ. பொதுக்கட்டடங்களுக்கு அணுகும் வசதி இருக்க வேணும் எண்டு 2006லயே ஒழுங்குவிதி வந்திட்டு, 2011ல உச்ச நீதிமன்றமும் கட்டளை போட்டது. சாய்தளம் எண்டா ஒரு அடி உயரத்துக்கு பன்ரெண்டு அடி நீளம் வேணும். இஞ்ச வெள்ளத்துக்குப் பயந்து நிலமட்டம் ஒண்டரை அடி உயர்த்தித்தான் கட்டுறது, அப்ப பதினெட்டு அடி வரவேணும். ஆனா ஆறு அடியில மலை ஏறுற மாதிரி ஒண்டைக் கட்டி, அதுக்கு மேல மினுமினுக்கிற ரைல்சும் பதிச்சு விடுவினம். மழை பெஞ்சா நான் மட்டுமில்லை, ஊண்டுகோலோட வாறவரும் விழுவார். எங்கட ஊர்ப்பக்கம் ஒரு அலுவலகத்தில என்னைப் பின்பக்கமா ரெண்டு பேர் தூக்கித்தான் உள்ளுக்குக் கொண்டுபோறவை. எனக்கு அது சரியான வேதனை.

வேலையைப் பற்றியும் சொல்லவேணும். ஒரு கால் இல்லாதவருக்கு சாரத்தில ஏற ஏலாது, ஆனா கம்பி வளைக்க ஏலும், ஸ்ரோர் பாக்க ஏலும், வயரிங் போர்ட் பூட்ட ஏலும், அளவெடுத்து எழுத ஏலும். போராலதான் எங்களுக்கு இப்பிடி ஆனது, தொழில் மறந்துபோகேல்லை. விருதுக்குத் தெரிவு செய்யேக்க எங்களில ஒராளை உங்கட குழுவில போடுங்கோ, கட்டடத்தை உருட்டிப் பாத்திட்டு நாங்கள் சொல்லுவம்.

லண்டன்_விசுவமடு:

இஞ்ச லண்டனில நான் சைற்றில வேலை செய்யிறன். வேலி அடைச்ச கனக்க சைற்றில கன்சிடரேட் கன்ஸ்ட்ரக்டர்ஸ் எண்டு ஒரு போர்ட் தொங்கும், 1997ல தொடங்கின திட்டம். அதில சேர்ந்த சைற்றை வெளியாள் ஒராள் வந்து பாத்துப் புள்ளி போடுவார், அக்கம்பக்கத்துச் சனத்தை எப்பிடி நடத்துறாங்கள், வேலையாக்களை எப்பிடி மதிக்கிறாங்கள், சுற்றாடல் எப்பிடி எண்டு. போர்ட்டில ஃபோன் நம்பர் இருக்கும், தூசி, சத்தம், லொறி எண்டு ஊர்ச்சனம் அடிச்சுச் சொல்லலாம். இந்த நம்பர் விசயத்தை நீங்களும் செய்யலாம் அண்ணை, பெரிய செலவில்லை. சைற் பெயர்ப்பலகையில சங்கத்தின்ர நம்பரையும் எழுதுங்கோ. கிறவல் லோட் ஏத்திக்கொண்டு பறக்கிற ரிப்பரால பள்ளிக்கூடப் பிள்ளையள் ரோட்டில தூசி குடிக்குதுகள் எண்டு அம்மா ஃபோனில சொல்லிக் கவலைப்படுறவ. காலமை ஏழில இருந்து எட்டு மட்டும் லொறி ஓடாம நிப்பாட்டி, பின்னேரம் ரெண்டுதரம் ரோட்டுக்குத் தண்ணி அடிக்கிற ஒப்பந்தகாரர் ஊருக்கு எவ்வளவு பெரிய உபகாரம் செய்யிறார்.

பரந்தன்_சந்தி:

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு வரும் எண்டு நான் நினைக்கேல்லை. மாங்குளம் அண்ணை, சி7க்குக் கீழ உள்ள ஆக்களை வேறயாப் பிரிக்கிறம், பெரிய கொம்பனி உதுக்குள்ள வராது. விண்ணப்பப் படிவமே இல்லாம விடுவம் எண்டு இப்ப யோசிக்கிறன். வேலையாக்களும் ஊர்ச்சங்கங்களும்தான் பேர் சொல்லவேணும், பேந்து முழங்காவில் அக்கா மாதிரி ஒராள், நந்திக்கடல் அண்ணை மாதிரி ஒராள், ரீஓ ஐயா மாதிரி ஒராள் சொல்லாமக் கொள்ளாம சைற்றுக்குப் போய்ப் பாக்கிறது. அக்கா, வருவீங்களோ?

முழங்காவில்_அக்கா:

வாறன் தம்பி. ஆனா முதலாளி பக்கத்தில நிக்கேக்க பிள்ளையளிட்டக் கேக்கக் கூடாது, ஒண்டும் சொல்லமாட்டினம். பின்னேரம் வேலை விட்டு பஸ்சுக்கு நிக்கேக்கதான் கேக்கவேணும்.

மலையாளபுரம்_பொடியன்:

எங்கட மலையக ஆக்களைப் பற்றி கேள்வியில ஒரு வரி இருந்தது, பதிலில ஒருத்தரும் தொடேல்லை, அதால எழுதுறன். 58லயும் 77லயும் இனக்கலவரத்தில அடிவாங்கி வந்து காடு வெட்டிக் குடியேறின சனம் நாங்கள். அப்பப்பா காலத்தில இருந்து இஞ்சதான், ஆனாலும் விலாசம் சொன்ன உடன சில சைற்றில முகம் மாறும். காணிப் பத்திரம் இல்லாமக் கனபேர் வீட்டுத்திட்டத்துக்கும் வெளியில நிண்டவை, மற்றவையின்ர வீட்டுக்குக் கல் சுமந்திட்டு பின்னேரம் தகரக்கொட்டிலுக்கு வந்தவை. எங்களை ஒப்பந்தகாரர் நேர எடுக்கிறதில்லை, இடையில ஒரு சப் (உப ஒப்பந்தகாரர்) நிப்பார், அவர்தான் ஆள் கூட்டிக்கொண்டு போறது, அவர்தான் கூலி குடுக்கிறது, எவ்வளவு வெட்டுறார் எண்டு மேல உள்ளவருக்கும் தெரியாது எங்களுக்கும் தெரியாது. கொப்பி பாக்கேக்க சப்பின்ர கொப்பியையும் வாங்கிப் பாருங்கோ. எங்கட பெடியளை கொங்கிறீற் அடிக்கிறதுக்கு மட்டும் கூப்பிடாம தச்சுவேலை, பிளம்பிங் பழக்கி விட்ட ஒராள் கிளிநொச்சியில இருக்கிறார், பேரை உங்களுக்குத் தனியா அனுப்புறன்.

ஒண்டுகூடல் என்ன கிழமை அண்ணை? லேபர் ஆக்களையும் கூப்பிடுறதெண்டா ஞாயிற்றுக்கிழமையா வையுங்கோ, வேலை நாள் எண்டா எங்களுக்கு அண்டைய கூலி போயிடும்.

பரந்தன்_சந்தி:

ஞாயிறுதான் தம்பி. லேபர் ஆக்கள் எல்லாருக்கும் அழைப்பு, பஸ் ஒண்டும் ஒழுங்கு செய்யக் கேக்கிறன். அந்தப் பேரை அனுப்புங்கோ.