அரக்குச் சாயம் திட்டுத் திட்டாகப் பிடிக்குது, அலசினா வடியுது. எங்கே தப்பு?

வண்ணை தையல்:
குர்தி தைக்க 4 மீட்டர் வெள்ளை கேம்பிரிக் காட்டன் இருக்கு, எடை 400 கிராம். சோதனைக்கு அதே துணியில தனியா ஒரு துண்டை முதல்ல போட்டேன். குளிர்ந்த தண்ணியில போடுற ரியாக்டிவ் சாயப்பொடி, கல்லுப்பு, ஆப்ப சோடா. பழைய வண்ணாரப்பேட்டை போர் தண்ணி. ஒரு மணி நேரம் ஊறின துண்டு திட்டுத் திட்டா வந்திருக்கு. நாலு தண்ணி அலசியும் சிவப்பு வடியுது, மிஞ்சினது அரக்கு இல்ல, செங்கல் நிறம். முழுத் துணியை எப்படிப் போடணும்?

சாயத்தொட்டி:
முதல் குற்றவாளி ஆப்ப சோடா. இந்தச் சாயம் பருத்தி நாரோட பிணைய பி.எச். 10.5, 11 பக்கம் காரம் வேணும். ஆப்ப சோடா 8-ஐச் சுத்தியே நின்னுடும். ஆவியில வேகவைக்கிற பிரிண்டிங்ல அதைப் போடுவாங்க, ஏன்னா சூட்டுல அதுவே சலவை சோடாவா மாறிடும். பக்கெட்ல அது நடக்காது. பிணையாத சாயம்தான் உங்களுக்கு வடியுது. அரக்குப் பொடி ரெண்டு மூணு சாயம் சேர்ந்தது. அதுல நீலப் பங்கு பிடிக்காம போனா செங்கல்தான் மிஞ்சும்.

வேண்டியது சோடா ஆஷ், அதாவது தண்ணி இல்லாத சலவை சோடா, வெள்ளைப் பொடியா இருக்கும். கண்ணாடி மாதிரி கட்டியா வர்ற சலவை சோடாவுல பாதிக்கு மேல தண்ணிதான், அதனால அதுன்னா எடையை 2.7 மடங்கு போடுங்க.

400 கிராம் துணிக்கு 8 லிட்டர் தண்ணி, 16 கிராம் சாயம், 480 கிராம் உப்பு, 160 கிராம் சோடா ஆஷ். துணி தாராளமா நீந்தணும், 20 லிட்டர் பிளாஸ்டிக் பக்கெட் எடுங்க.

புதுத் துணியில கஞ்சி இருக்கும், திட்டுக்கு அதுவும் ஒரு காரணம். லிட்டருக்கு 2 கிராம் சோடா ஆஷும் கொஞ்சம் சோப்புத்தூளும் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்க விட்டு அலசுங்க. பிறகு ஒரு சொட்டு தண்ணி விட்டுப் பாருங்க. முத்து மாதிரி நின்னா கஞ்சி போகலை, உடனே உறிஞ்சினா சரி.

சாயப்பொடியை முகமூடி, கையுறையோட, முதல்ல கொஞ்சம் தண்ணியில கூழாக் குழைச்சு, அப்புறம் கரைச்சு, வடிகட்டி ஊத்துங்க. கரையாத ஒரு துகள் போதும், துணியில கரும்புள்ளி விழும். நனைஞ்ச துணியை இறக்கி பத்து நிமிஷம் புரட்டுங்க. உப்பை மூணு பங்கா, பத்து நிமிஷ இடைவெளியில, ஒவ்வொரு தடவையும் துணியை வெளியே தூக்கிட்டுப் போடுங்க. துணி மேலயே உப்பைக் கொட்டினா அந்த இடத்துல சாயம் சட்டுனு ஏறிக்கும். சோடா ஆஷை வெந்நீர்ல கரைச்சு ஆறவிட்டு, அதே மாதிரி துணியைத் தூக்கிட்டு ஊத்தணும். அடுத்த 20 நிமிஷம் கையை எடுக்காதீங்க. திட்டு விழுறதும் விழாததும் அங்கதான். சோடா ஊத்தினதுல இருந்து மொத்தம் ஒரு மணி நேரம் போதும். நம்ம ஊர் வெயில்ல தண்ணியைச் சூடு பண்ணவே வேண்டாம்.

போர் தண்ணி உதவாது. அதுல இருக்கிற கால்சியம் சோடாவோட சேர்ந்து சுண்ணாம்பா இறங்கி, துணியில வெள்ளை பூத்த மாதிரி நிக்கும். மெட்ரோ தண்ணி பிடிச்சு வைங்க. வேற வழியில்லைன்னா கால்சியத்தைக் கட்டிப் போடுற சோடியம் ஹெக்ஸாமெட்டாபாஸ்பேட்டை லிட்டருக்கு 1 கிராம் முதல்லயே கலந்துடுங்க.

அலசும்போது முதல்ல பச்சைத் தண்ணி, உப்பு போற வரைக்கும். அப்புறம் சோப்பு போட்டு கிட்டத்தட்ட கொதிக்கிற தண்ணியில பத்து நிமிஷம். வடியுற நிறத்தைப் பார்த்து பயப்படாதீங்க. ஈரத் துணியை வெள்ளைத் துணி மேல வெச்சு இஸ்திரி போடுங்க. கறை ஒட்டலைன்னா முடிஞ்சது.

தண்டையார்பேட்டை கட்டிங்:
மேல சொன்ன கணக்கு சரி, ஆனா தைச்சுட்டு சாயம் போடலாம்னு நினைச்சுடாதீங்க. பாலியஸ்டர் நூல் இந்தச் சாயத்தை ஏத்துக்காது, அரக்கு குர்தியில தையல் மட்டும் வெள்ளையா பல்லிளிக்கும். துணியும் வெந்நீர்ல சுருங்கும். சாயம் போட்டு, காயவெச்சு, இஸ்திரி போட்ட பிறகுதான் கத்தரி. லைனிங்கையும் இதுலயே போடுறதா இருந்தா ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்க. காகிதம் கருகின வாசனையும் உதிர்ற சாம்பலும்னா பருத்தி. உருகி மணியா இறுகினா பாலியஸ்டர் கலந்திருக்கு, நிறம் பாதிதான் ஏறும்.

வண்ணை தையல்:
நன்றி. பிளாஸ்டிக் பக்கெட்டுக்குப் பதிலா அலுமினிய அண்டா பரவாயில்லையா? மிஞ்சின சாயத் தண்ணியை மறுநாள் துப்பட்டாவுக்கு வெச்சுக்கலாமா?

சாயத்தொட்டி:
அலுமினியத்தைச் சோடா அரிக்கும். கஞ்சி எடுக்கவும் எவர்சில்வர்தான். சோடா ஊத்தின சாயம் தண்ணியோடவே பிணைஞ்சு செத்துடும், சில மணி நேரம்தான் அதுக்கு ஆயுசு. துப்பட்டாவையும் சேர்த்து எடை போட்டு ஒரே தொட்டியில போடுங்க. ரெண்டு தடவை போட்டா ஒரே அரக்கு வராது. ஈரத்துல நிறம் ஆழமாத் தெரியும், ஓரத்துல ஒரு துண்டைக் காயவெச்சுப் பார்த்து முடிவு பண்ணுங்க.

தண்டையார்பேட்டை கட்டிங்:
அந்தச் சோதனைத் துண்டைத் தூக்கிப் போடாதீங்க. வெந்நீர் சோப்புல நல்லா அலசிட்டு இதே தொட்டியில சேர்த்துடுங்க. அரக்கு அடர்த்தியான நிறம், பழைய திட்டு பெரும்பாலும் மறைஞ்சுடும். பாக்கெட் உள்பக்கத்துக்கு ஆகும்.