நான்கு மாதப் பெண் முயலுக்குத் துணை: குட்டியா, வளர்ந்ததா, வேண்டவே வேண்டாமா?

சத்துவாச்சாரி அம்மா

எங்கள் வீட்டில் நான்கு மாதப் பெண் முயல் ஒன்று இருக்கிறது. பழுப்பு நிறம், பெயர் வெல்லம். நானும் கணவரும் ராணிப்பேட்டை சிப்காட்டுக்கு வேலைக்குப் போகிறவர்கள். மகள் பள்ளியிலிருந்து வரும்வரை வெல்லம் தனியாகத்தான் இருக்கிறது. கொஞ்ச நாட்களாகக் கூண்டுக் கம்பியைக் கடிக்கிறது. தீவனம் வைக்கக் கையை விட்டால் உறுமிக்கொண்டு முன்னங்காலால் அடிக்கிறது. துணை இல்லாத ஏக்கம் என்கிறாள் மகள். வாங்கிய கடைக்காரர், "இதே வயதில் இன்னொரு பெண் குட்டி தருகிறேன், இரண்டும் ஒன்றாக வளர்ந்துவிடும்" என்கிறார். பக்கத்து வீட்டில் கினிப்பன்றி போதும் என்கிறார்கள். மாமனாரோ அமிர்திப் பக்கத்து உறவினரிடம் சொன்னால் காட்டு முயல் குட்டியே கிடைக்கும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

குடியாத்தம் பண்ணை

யார் சொல்வதையும் கேட்க வேண்டாம் சகோதரி. முயலுக்குத் துணை என்பதே நகரத்துக் கற்பனை. என் கொட்டகையில் வெள்ளை ஜயன்ட், சோவியத் சின்சில்லா என்ற இரண்டு இன முயல்கள் இருக்கின்றன. மூன்று மாதம் தாண்டியதும் ஒவ்வொன்றுக்கும் தனிக் கூண்டுதான். ஒன்றும் ஏங்கிச் செத்துப்போகவில்லை. உங்கள் முயல் அடிப்பது பருவத்துக்கு வருவதன் அடையாளம். இன்னும் இரண்டு மாதம் கழித்து நல்ல ஆண் ஒன்றுடன் இணை சேர்த்துவிடுங்கள். ஈன்றால் குட்டிகளே துணை.

காட்பாடிக்காரி

குட்டிகளே துணையா? கணக்கையும் சேர்த்துச் சொல்லுங்கள் அண்ணா. சினைக்காலம் ஏறக்குறைய 31 நாள். ஈன்ற அன்றே மறுபடி சினையாகும் பிராணி இது. இணை சேர்ந்த பிறகுதான் முட்டையே வெளிவரும் என்பதால் "இன்று பருவம் இல்லை" என்று நம்பியிருக்கவும் முடியாது. ஈற்றுக்கு ஆறு, எட்டுக் குட்டிகள். ஒரு வருடத்தில் சத்துவாச்சாரியில் ஒரு பண்ணையே வந்துவிடும். கடைசியில் நீங்கள்தான் வந்து கறி விலைக்கு அள்ளிக்கொண்டு போவீர்கள்.

அக்கா, கடைக்காரர் பேச்சையும் நம்ப வேண்டாம். எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்கு "இரண்டும் பெண்" என்று ஒரு கடையில் கொடுத்த ஜோடி, சில மாதங்களில் குட்டி போட்டது. இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குட்டியில் ஆண் பெண் பார்ப்பது பழகிய கைக்கே தப்பும். விரை கீழே இறங்கவே பத்து, பன்னிரண்டு வாரம் ஆகும். இறங்கிய பிறகும் பயந்தால் வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளும். உண்மையிலேயே இரண்டும் பெண்ணாக இருந்தாலும் குட்டிப் பருவ ஒட்டுதல் பருவம் வரும்வரைதான். அப்புறம் இடத்துக்காகச் சண்டை. முயல் சண்டையை ஆட்டுக்குட்டி முட்டுவது போல நினைத்துவிடாதீர்கள். தோலைக் கிழித்துவிடும், பிறப்புறுப்பைக் கடித்துவிடும்.

கால்நடை மாணவன்

மாமனார் யோசனைக்கு முதலில் பதில். காட்டு முயலைப் பிடிப்பதும் வளர்ப்பதும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், அது வேறு பிராணி. நம் மலைகளில் இருப்பது கருங்கழுத்து முயல். வளை தோண்டாது, தனித்தே திரியும், குட்டி பிறக்கும்போதே உடம்பில் மயிரும் திறந்த கண்ணுமாக இருக்கும். வீட்டு முயலின் மூதாதை ஐரோப்பாவில் வளைகளில் கூட்டமாக வாழ்ந்த இனம். அதன் குட்டி கண் மூடி, மயிரில்லாமல் பிறக்கும். பேரினமே வேறு. பிடித்து வந்த காட்டு முயல் அநேகமாக அதிர்ச்சியிலேயே செத்துவிடும்.

கினிப்பன்றியும் வேண்டாம். முயலுக்குத் தொல்லை தராமல் மூச்சுப்பாதையில் இருக்கும் போர்டெடெல்லா என்ற பாக்டீரியா கினிப்பன்றிக்கு நிமோனியாவைத் தரக்கூடும். கினிப்பன்றிக்கு வைட்டமின் சி உணவிலிருந்து கிடைத்தாக வேண்டும், முயல் உடலிலேயே உண்டாக்கிக்கொள்ளும். ஒரே தீவனத் தட்டு இரண்டுக்கும் ஒத்துவராது. முயல் பின்னங்காலால் ஓர் உதை விட்டால் பாவம், அது தாங்காது.

வாலாஜா ஓய்வூதியர்

அனைவருக்கும் வணக்கம். நான் ஒற்றை முயலை முதுமை வரைக்கும் வளர்த்தவன். நாற்காலிக்கு அடியில்தான் படுத்திருக்கும். நான் செய்தித்தாளைப் புரட்டினால் ஓரத்தைக் கடிக்கும். துணைக்காக ஏங்கியதாக எனக்குத் தெரியவில்லை. முயல் விடியலிலும் அந்தியிலும் சுறுசுறுப்பாக இருக்கும் பிராணி, பகலில் பெரும்பாலும் தூங்கும். அம்மணி வேலைக்குப் போகும் நேரம் அதற்குத் தூக்க நேரம். காலையும் மாலையும் கூண்டைத் திறந்து கூடத்தில் ஓடவிட்டு, மகள் தரையில் உட்கார்ந்திருந்தாலே போதும். கம்பியைக் கடிப்பது ஏக்கமாகவே இருக்க வேண்டும் என்பதில்லை, கூண்டு சிறியதாகவும் இருக்கலாம். அளவைச் சொல்லவே இல்லையே?

சத்துவாச்சாரி அம்மா

கடையில் கொடுத்த கூண்டுதான் ஐயா. இரண்டடிக்கு ஒன்றரை அடி.

வாலாஜா ஓய்வூதியர்

நினைத்தேன். மூன்று தாவலுக்கு இடமில்லாத பெட்டியில் வைத்துவிட்டு மாப்பிள்ளை பார்க்கிறோம்.

காட்பாடிக்காரி

கூண்டு விஷயத்தில் ஐயா சொல்வதுதான் சரி, இன்றே மாற்ற வேண்டும். மற்றதை ஏற்க முடியவில்லை. நீங்கள் வீட்டிலேயே இருந்தீர்கள், நாள் முழுக்க உங்கள் காலடியே அதற்குத் துணை. இவர்கள் வீடு பூட்டியிருக்கிறது. முயல் தூங்கும்போதும் இன்னொன்றின் விலாவில் சாய்ந்துதான் தூங்க விரும்பும். காது மடலுக்குப் பின்னாலும் கண் ஓரத்திலும் நக்கிவிடுவதற்கு மனிதர் கையால் ஈடுகட்ட முடியாது.

பண்ணை அண்ணாவுக்கு ஒரு கேள்வி. இணை சேர்க்கும்போது நீங்கள் ஆணைப் பெண் கூண்டில் விடுவீர்களா, பெண்ணை ஆண் கூண்டுக்குக் கொண்டுபோவீர்களா?

குடியாத்தம் பண்ணை

பெண்ணைத்தான் கொண்டுபோவோம். அதன் கூண்டில் ஆணை விட்டால் கடித்துக் குதறிவிடும். இது சின்னப் பையனுக்கும் தெரியுமே.

காட்பாடிக்காரி

அதைத்தான் நானும் சொல்கிறேன். உங்கள் தனிக் கூண்டு முயலுக்குத் துணை பிடிக்காது என்பதற்குச் சாட்சி ஆகாது. இடத்துக்காகச் சண்டை போடும், கணக்கில்லாமல் சினையாகும் என்பதற்குத்தான் சாட்சி. இரண்டுக்கும் காரணம் பெரும்பாலும் இனப்பெருக்கச் சுரப்பிகள். ஆணுக்குக் காயடித்து, பெண்ணுக்குக் கருப்பையையும் சினைப்பையையும் எடுத்துவிட்டால் இரண்டும் தணியும். அப்புறம் இருவருக்கும் சொந்தமில்லாத இடத்தில் பழக்க வேண்டும். வளர்ப்பு முயல்களில் அதிகம் ஒத்துப்போவது இப்படிப்பட்ட ஆண், பெண் ஜோடிதான். வயது பொருந்துகிறதா, நிறம் பொருந்துகிறதா என்பதெல்லாம் நமக்குத்தான்.

குடியாத்தம் பண்ணை

ஒரு முயல் குட்டிக்கு ஆயிரக்கணக்கில் செலவழித்து அறுவை சிகிச்சையா! மயக்க மருந்திலேயே போய்விட்டால் யார் பதில் சொல்வது? என் பெண் முயல்கள் எல்லாம் கருப்பையோடுதான் நன்றாக இருக்கின்றன.

கால்நடை மாணவன்

உங்கள் பெண் முயல்களை மூன்று வயதுக்குள் கழித்துவிடுகிறீர்கள். அதனால் உங்கள் கண்ணில் படாது. கருப்பைப் புற்று நான்கு வயதுக்கு மேல்தான் பெருகுகிறது. சில இனங்களில் அந்த வயதைத் தாண்டிய பெண் முயல்களில் பாதிக்கு மேல் வந்ததாக ஆய்வுகள் உண்டு. வீட்டு முயல் எட்டு, பத்து வருடம் வாழக்கூடியது.

மயக்க மருந்து அபாயம் உண்மை, நாய் பூனையைவிட முயலுக்கு அதிகம். அதனால்தான் முயலில் கைப்பழக்கம் உள்ள மருத்துவரைத் தேட வேண்டும். சோதித்துப் பார்க்க ஒரு கேள்வி போதும்: "முந்தின இரவு பட்டினி போட வேண்டுமா?" வேண்டும் என்றால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். முயலால் வாந்தி எடுக்க முடியாது. பட்டினி போட்டால் குடல் நின்றுவிடும், ஆபத்தே அதுதான். அறுவைக்குச் சற்று முன்புவரை புல் தின்ன வேண்டும், கண் விழித்ததும் மறுபடி தின்ன வேண்டும். வேலூரில் ஆள் கிடைக்காவிட்டால் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. காட்பாடியிலிருந்து ரயிலில் ஏறக்குறைய 130 கிலோமீட்டர். விடியற்காலை வண்டியைப் பிடியுங்கள், பகல் வெயிலில் கூடையில் வைத்துக்கொண்டு போக வேண்டாம். இன்னொன்று: ஆட்டுக்குக் காயடிக்கும் இடுக்கியை யாராவது முயலுக்குப் பரிந்துரைத்தால் ஓடிவிடுங்கள்.

குடியாத்தம் பண்ணை

இடுக்கியைப் பற்றி நான் வாயே திறக்கவில்லையே.

பாலாற்றங்கரை

இவ்வளவு சடங்கு எதற்கு? இரண்டையும் ஓர் அட்டைப்பெட்டியில் வைத்து, ஆட்டோவில் ஏற்றி கிரீன் சர்க்கிள் வரை ஒரு சுற்று சுற்றுங்கள். பயத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வீட்டுக்கு வந்ததும் நண்பர்கள். எங்கள் சித்தி அப்படித்தான் செய்தார்.

காட்பாடிக்காரி

பயத்தில் ஒட்டிக்கொள்வதும் பழகுவதும் ஒன்றல்ல. நெரிசல் பஸ்ஸில் பக்கத்தில் நிற்பவர் மேல் நாமும்தான் சாய்கிறோம். பயம் போனதும் அதே பெட்டியில் சண்டை வரும். அதிலும் பங்குனி வெயிலில் ஆட்டோவா? முயலுக்கு வியர்க்காது, சூட்டைப் பெரும்பாலும் காது வழியாகத்தான் வெளியேற்றும். 30 டிகிரி தாண்டினாலே திணறும். இங்கே சித்திரையில் 40 டிகிரி தாண்டுகிறது. ஒன்றையொன்று துரத்தினால் கடிபடுவதற்கு முன்பே வெப்பத்தில் சுருண்டுவிடும்.

எங்கள் வீட்டில் செய்த முறையைச் சொல்கிறேன். புதிதாக வந்ததை முதலில் இரண்டு வாரம் வேறு அறையில் வைத்தோம். பிறகு இரண்டு கூண்டுகளையும் மூக்கைக் கடிக்க முடியாத இடைவெளியில் பக்கத்தில் வைத்து, கீழே விரித்த சாக்கை மட்டும் அவ்வப்போது மாற்றிப் போட்டோம். வாசனை பழகட்டும் என்றுதான். ஒன்றின் எதிரில் மற்றொன்று நிம்மதியாகப் படுக்க ஆரம்பித்த பிறகு, இரண்டும் போகாத குளியலறையில் ஈரத்தைத் துடைத்து, வழுக்காமல் இருக்கப் பாய் விரித்து, தினமும் கொஞ்ச நேரம் விட்டோம். ஒன்றின் மேல் ஒன்று ஏறும், லேசாகத் துரத்தும், கொஞ்சம் மயிர் பறக்கும், பரவாயில்லை. காதைப் பின்னுக்குச் சாய்த்து வாலை நிமிர்த்திப் பாய்ந்தாலோ, ஒன்றின் வாலை மற்றொன்று கவ்வியபடி சக்கரமாகச் சுழன்றாலோ உடனே பிரிக்க வேண்டும். வெறுங்கையை நீட்டாதீர்கள், தடித்த துண்டு வைத்துக்கொள்ளுங்கள். தலையைக் குனிந்து கொடுத்து மற்றது நக்கினால் வேலை பாதி முடிந்தது. சில ஜோடி ஒரு வாரத்தில் பழகும், சிலதுக்கு மாதங்கள் ஆகும், சிலது ஒருபோதும் பழகாது.

வாலாஜா ஓய்வூதியர்

அந்தக் கடைசி வாக்கியத்தை அம்மணி இன்னொரு முறை படிக்க வேண்டும். பழகாவிட்டால் இரண்டு கூண்டு, இரண்டு அறை, இரண்டு முறை கூட்டிப் பெருக்குவது, ஆயுள் முழுக்க. அதற்கு வீட்டில் இடமும் மனமும் இருந்தால் மட்டும் இரண்டாவதை வாங்குங்கள்.

சத்துவாச்சாரி அம்மா

படித்தேன் ஐயா. கணவரையும் படிக்க வைத்தேன். மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை இருக்கிறது, கடப்பைக் கல் தரை, வெயிலிலும் குளிர்ச்சியாக இருக்கும். பழகாவிட்டால் ஒன்று அங்கே இருக்கட்டும் என்று முடிவு செய்திருக்கிறோம். வெல்லத்துக்குத் தச்சரிடம் நீளமான கூண்டு சொல்லியாகிவிட்டது. அறுவை சிகிச்சையை ஆறாவது மாதத்தில் செய்யலாமா? அது அக்கினி நட்சத்திரத்தில் வருகிறதே?

கால்நடை மாணவன்

தள்ளிப்போடுங்கள், அவசரம் இல்லை. வெயில் தணிந்த பிறகு ஆனி, ஆடியில் செய்யலாம். ஆணை முன்பே முடித்துவைக்கலாம். விரை இறங்கியிருந்தால் போதும், அறுவையும் சின்னது. ஆனால் காயடித்த மறுநாளே சேர்த்துவிடாதீர்கள். நான்கிலிருந்து ஆறு வாரம் வரை சினைப்படுத்தும் திறன் மிச்சம் இருக்கும்.

குடியாத்தம் பண்ணை

என்னிடம் ஓர் ஆண் இருக்கிறது. ஆறு மாதம் ஆகிறது, எடை ஏறவில்லை, இனப்பெருக்கத்துக்கு ஆகாது. குணம் சாது, தூக்கினால் உதைக்காது. கறிக்குப் போக வேண்டியது. வேண்டுமானால் இலவசமாகவே எடுத்துக்கொள்ளுங்கள் சகோதரி. காயடிக்கும் செலவு உங்களுடையது. அது வீண் செலவு என்ற என் கருத்தில் மாற்றமில்லை.

காட்பாடிக்காரி

அண்ணா, காதுக்குள் சொறி இருக்கிறதா என்று பார்த்துக் கொடுங்கள்.

குடியாத்தம் பண்ணை

என் கொட்டகையில் சொறி கிடையாது. நேரில் வந்து பாருங்கள்.

கால்நடை மாணவன்

அப்படியே இருந்தாலும் இரண்டு வாரம் தனி அறை. சாணத்தைப் பாருங்கள், இளகினால் கோழிக்குப் போலவே காக்சிடியா என்ற குடல் ஒட்டுண்ணி இருக்கலாம். அங்கே தின்ற அதே தீவனத்தில் ஒரு பை வாங்கிவந்து, உங்கள் புல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றுங்கள். வெல்லத்தைப் பண்ணைக்குக் கூட்டிப்போக வேண்டாம்.

சத்துவாச்சாரி அம்மா

ஞாயிற்றுக்கிழமை வெயில் தாழ்ந்து கணவர் மட்டும் வருகிறார் அண்ணா. பழைய கூண்டைத்தான் கொண்டுவருவார், ஏற்றிவர அது போதும் அல்லவா?

வாலாஜா ஓய்வூதியர்

ஏற்றிவரப் போதும். வந்ததும் அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடச் சொல்லுங்கள்.